அவசரத்தை நிதானமாகச் செய்கிறவர்கள்

பழைய கார் புதுப்பிக்கும் வேலை என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது துரு வெட்டும் காட்சி. தொலைக்காட்சி நிகழ்ச்சிகளும் அதைத்தான் காட்டுகின்றன. தீப்பொறி பறக்க, ஓட்டை விழுந்த தகட்டை வெட்டி எறிவார்கள். புதுத் தகட்டை வைத்துப் பற்றவைப்பார்கள். விளம்பர இடைவேளை முடிந்து பார்த்தால் வண்டி பளபளவென்று வெளியே வந்து நிற்கும். அந்த விளம்பர இடைவேளையில் நடப்பதைப் பார்க்கத்தான் நான் வாரன் நகரத்துக்குப் போனேன்.

டெட்ராய்ட்டின் வடக்கு எல்லை எய்ட் மைல் ரோடு. அதைத் தாண்டினால் வாரன். ஜெனரல் மோட்டார்ஸின் தொழில்நுட்ப மையம் இங்கேதான் இருக்கிறது. கிரைஸ்லரின் டிரக் ஆலையும் இங்கேதான். அவற்றை நம்பி டை செய்கிறவர்கள், முலாம் பூசுகிறவர்கள், கடைசல் பிடிக்கிறவர்கள் என்று சிறு பட்டறைகள் வரிசையாக நிற்கின்றன. நான் போன பட்டறைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. வைத்தால் வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் நேரத்தைத் தின்றுவிடுகிறார்களாம். வேடிக்கை பார்க்க வந்த என்னிடமே உரிமையாளர் இதைச் சொன்னார். ஆனாலும் என்னை உள்ளே விட்டதற்குக் காரணம் என் பிழைப்பு. கார்க் கதவைச் சுற்றி, மழைத்தண்ணீர் உள்ளே வராமல் அடைத்து நிற்கும் ரப்பர் பீடிங்கைக் கணினியில் வரைகிறவன் நான். "ஓஹோ, எங்களுக்குத் தலைவலி கொடுக்கிற கூட்டத்து ஆளா நீங்கள்?" என்று கேட்டபடி கதவைத் திறந்துவிட்டார்.

உள்ளே நின்றது 1970-ஆம் ஆண்டு டாட்ஜ் சேலஞ்சர் ஆர்/டி. கண்ணைக் கூச வைக்கும் ஊதா. டாட்ஜ் அந்த நிறத்துக்கு வைத்த பெயர் 'பிளம் கிரேசி'. பானட்டுக்கு அடியில் 440 கன அங்குல எஞ்சின், அதாவது 7.2 லிட்டர். மாருதி 800-இன் எஞ்சின்கள் ஒன்பதைச் சேர்த்தால் வரும் கொள்ளளவு. 375 குதிரைத்திறன் என்று அன்றைய விளம்பரம் சொன்னது. சைலன்சர் போன்ற சுமைகள் எதுவும் இல்லாமல், எஞ்சினைத் தனியாக ஓட்டி எடுத்த கணக்கு அது. 1972 வாக்கில் அமெரிக்கக் கம்பெனிகள் நிகரக் கணக்குக்கு மாறியதும் இந்த எண்களெல்லாம் சடாரென்று கீழே இறங்கின.

இந்த வகை வண்டிகளை மசில் கார் என்பார்கள். நடுத்தரக் குடும்பக் காரின் உடம்பில் பெரிய எஞ்சினை இறக்கி, இளைஞர்களுக்குக் கட்டுப்படியாகும் விலையில் விற்பதுதான் சூத்திரம். 1964-இல் பான்டியாக் தன் டெம்பெஸ்ட் காரில் 389 கன அங்குல எஞ்சினைப் பொருத்தி ஜி.டி.ஓ. என்று விற்றதிலிருந்து இந்தக் கதையைத் தொடங்குவது வழக்கம். அங்கே தலைமைப் பொறியாளராக இருந்த ஜான் டிலோரியனுக்கு அதில் பெரிய பங்கு உண்டு. கதை நீடித்தது பத்தே வருஷம். காப்பீட்டுக் கட்டணம் ஏறியது. 1970-இல் காற்றுத் தூய்மைச் சட்டம் வந்தது. 1973-இல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. முதல் தலைமுறைச் சேலஞ்சர் 1974-உடன் நின்றுபோனது. அன்றைக்குப் பையன்கள் தவணையில் வாங்கிய வண்டியை இன்றைக்கு வசதியான முதியவர்கள்தான் வாங்க முடிகிறது. இந்த ஊதா வண்டியின் சொந்தக்காரர் ஒரு பல் மருத்துவர். நான் போனபோதெல்லாம் அவர் அங்கே இல்லை. அதனால் இந்தக் கட்டுரையில் அவருக்கு வேலையும் இல்லை.

வண்டி எண் ஜே.எஸ்.23 யு 0 பி என்று தொடங்குகிறது. ஜே என்றால் சேலஞ்சர், 23 இரு கதவு ஹார்ட்டாப், யு என்பது 440 மேக்னம் எஞ்சின், பூஜ்யம் 1970-ஐக் குறிக்கும். கடைசியில் வரும் பி, ஹாம்ட்ராமிக் ஆலை. அந்த ஆலை இருந்த இடம் பட்டறையிலிருந்து சில மைல் தூரம்தான். பின் சீட்டைப் பிரித்தபோது ஸ்பிரிங்குகளுக்குள் ஒரு தாள் சிக்கியிருந்ததாம். பிராட்காஸ்ட் ஷீட் என்பார்கள். இந்த வண்டிக்கு என்னென்ன பொருத்த வேண்டும் என்று அசெம்பிளி லைனில் நின்றவர்களுக்குச் சொல்ல அச்சடித்தது. வேலை முடிந்ததும் குப்பைக்குப் போக வேண்டியதை, சீட்டுக்குள்ளோ பெட்ரோல் டேங்க்குக்கு மேலேயோ யாராவது செருகிவிட்டுப் போயிருப்பார்கள். எலி தின்றது போக மிச்சம் இருந்ததைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தார் உரிமையாளர். அதில் மூன்று குறிகளைக் காட்டினார்: இ86, டி32, எஃப்சி7. எஞ்சின், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், ஊதா நிறம். "இந்தத் தாள் இல்லை என்றால் இது சும்மா ஒரு ஊதா கார். எவன் வேண்டுமானாலும் ஊதா பெயிண்ட் அடித்துக்கொள்ளலாமே."

முழு வண்டிக்கும் ஆயிரம் மணி நேரத்துக்குக் குறைந்து எந்த வேலையும் இங்கே முடிந்ததில்லை. பெயிண்ட் அடித்தாகிவிட்டது என்று கேள்விப்பட்டதும் வண்டிக்காரர் சாவி கேட்க ஆரம்பித்துவிடுவாராம். பட்டறையின் கணக்கில் அது பாதி தூரம்.

நான் முதலில் போய் நின்றது பெயிண்டரிடம். மெக்சிகோவிலிருந்து சிறுவயதில் வந்தவர். அதிகம் பேசமாட்டார். நிறத்துக்கு மேல் அடித்த கிளியர் கோட் காய்ந்து, மேற்பரப்பு ஆரஞ்சுத் தோல் மாதிரி மெல்லிய மேடு பள்ளமாக நின்றது. அதைச் சமப்படுத்துவதுதான் அவர் வேலை. ஒரு பக்கெட் தண்ணீரில் சோப்பு கொஞ்சம்; ஒரு ரப்பர் கட்டை; அதில் சுற்றிய வாட்டர் பேப்பர். முதலில் 1000, பிறகு 1500, 2000, கடைசியில் 3000. நாலு இழுப்பு தேய்ப்பார், ரப்பர் பட்டையால் தண்ணீரை வழிப்பார், தலையைச் சாய்த்து விளக்கு வெளிச்சத்தில் பார்ப்பார். மங்கிய பரப்பில் இன்னும் மினுங்கும் புள்ளிகள் இருந்தால் அவை பள்ளங்கள், தாள் அங்கே இன்னும் தொடவில்லை என்று அர்த்தம். புள்ளிகள் மறைந்து எல்லாம் ஒரே மங்கலானதும் கையை எடுத்துவிட வேண்டும். அடித்திருக்கும் கிளியர் கோட் மொத்தமும் ஒரு காகிதத்தின் கனம்தான். அதற்குள் விளையாட வேண்டும்.

சேலஞ்சரின் பக்கவாட்டில் முன் மட்கார்டிலிருந்து பின்பக்கம் வரை ஒரு மடிப்புக் கோடு வளைந்து ஓடுகிறது. வண்டியின் அழகே அதுதான். பெயிண்டருக்கு எமனும் அதுதான். கூர்மையான விளிம்பில் ஈரப் பெயிண்ட் நிற்காமல் இரண்டு பக்கமும் இறங்கிவிடும். மெலிந்த அந்த இடத்தில் தாளோ பஃபிங் மெஷினோ ஒரு தடவை கூடுதலாகப் பட்டால் நிறம் போய்ப் பிரைமர் பல்லிளிக்கும். அதனால் மடிப்பு முழுவதும் நீல டேப்பை ஒட்டிவிட்டு, இரு பக்கமும் தேய்த்து முடித்தார். பிறகு டேப்பை உரித்தார். கட்டையை ஓரமாக வைத்துவிட்டு, தாளை விரல் நுனியில் மடித்துப் பிடித்துக்கொண்டு, கோட்டின் மேல் நீளவாக்கில் இரண்டே இழுப்பு. இரண்டாவது இழுப்பின்போது அவர் மூச்சு விட்டதாகத் தெரியவில்லை. 'போதுமா?' என்று சைகையில் கேட்டேன். போதாது, ஆனால் இதற்கு மேல் தொட்டால் கெட்டது என்று சைகையிலேயே பதில் வந்தது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 1970-இல் டாட்ஜின் தாய்க் கம்பெனியான கிரைஸ்லர் அடித்தது அக்ரிலிக் எனாமல். அடித்து, அடுப்பில் சுட்டு, அப்படியே வெளியே அனுப்பிவிட்டார்கள். யாரும் தேய்க்கவில்லை, மெருகேற்றவில்லை. ஆரஞ்சுத் தோல் அந்தக் காலத்து வண்டியின் சொந்தத் தோல். இன்று கண்ணாடி மாதிரி முகம் தெரிய நிற்கும் சேலஞ்சர், ஆலையிலிருந்து வந்த எந்தச் சேலஞ்சரை விடவும் பளபளப்பானது. அப்படியானால் இது புதுப்பித்தலா, ஜோடனையா என்று உரிமையாளரைக் கேட்டேன். வெளிப்பக்கம் வண்டிக்காரருக்காக, உள்பக்கம் நடுவர்களுக்காக என்றார். கதவுச் சட்டத்திலும் டிக்கிக்குள்ளும் தாள் படவே இல்லை. அடித்த பூச்சு அடித்தபடி இருக்கிறது. எனக்கு அந்த இடங்கள்தான் பிடித்திருந்தன.

குரோம் பூச்சு வெளியே கொடுத்து வாங்குவது. செம்பு, நிக்கல், குரோம் என்று மூன்று அடுக்கு; குரோமியக் கழிவு விஷம் என்பதால் விதிமுறைகள் கடுமையாகி, அந்தத் தொழில் செய்யும் கடைகள் குறைந்துகொண்டே போகின்றன. பம்பர் திரும்பி வர மாதக்கணக்காகும். வந்ததும் அதைத் தொட வெள்ளைக் கையுறை.

அடுத்தது என் துறை: கதவு. தகடு மட்டும் இருந்தபோதே கதவையும் மட்கார்டையும் பொருத்தி இடைவெளி பார்த்திருப்பார்கள். ஆனால் பெயிண்ட் ஏறிய பிறகு, புது ரப்பர் பீடிங் ஒட்டிய பிறகு, கண்ணாடியின் கனம் சேர்ந்த பிறகு எல்லாம் மாறிவிடுகிறது. புது ரப்பர் கதவை வெளியே தள்ளும். மூடினால் பின் விளிம்பு துருத்திக்கொண்டு நிற்கும். எங்கள் அலுவலகத்தில் அரை மில்லிமீட்டருக்காக இரண்டு துறைகள் வாரக்கணக்கில் மின்னஞ்சல் சண்டை போடும். இங்கே ஒரு இளைஞன் கீல் போல்ட்டுகளை லேசாகத் தளர்த்தி, கதவுக்கு அடியில் துணி சுற்றிய ஜாக்கியை வைத்து, ஒரு மயிரிழை தூக்கி, மறுபடி முறுக்கி, மூடிப் பார்த்தான். மறுபடியும். மறுபடியும். பகல் சாப்பாடு வரை ஒரே கதவு. சரியாக வந்ததை அவன் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை. மூடும் சத்தம் 'டங்'கிலிருந்து 'டப்'புக்கு மாறியதும் ஸ்பானரைக் கீழே வைத்தான். ரப்பர் இன்னும் கொஞ்சம் மென்மையாக இருந்திருக்கலாம் என்று என்னைப் பார்த்துச் சொன்னான். இன்றைக்கு யாரோ புதிதாக வார்த்த ரப்பருக்கு நான் ஏன் பழி சுமக்க வேண்டும்? ஆனால் அவன் சொன்னது சரிதான்.

அதே பையன் பிற்பகலில் முன் மட்கார்டில் துளை போட்டான். புதுத் தகட்டில் 'சேலஞ்சர்' என்ற பெயர் எழுத்தைப் பொருத்தத் துளை இருக்காது. மெருகேற்றி முடித்த ஊதாவின் மேல் டேப் ஒட்டி, அதன் மேல் காகித அச்சு வைத்து, இடம் குறித்து, டிரில்லை வைக்க வேண்டும். பட்டறையில் ரேடியோவை நிறுத்திவிட்டார்கள். பெயிண்டர் பார்க்க மாட்டேன் என்று வெளியே போய்விட்டார்.

வியாழக்கிழமைகளில் ஒரு பெரியவர் வருவார், அவரைப் பார்க்காமல் போகாதீர்கள் என்று சொல்லியிருந்தார்கள். எழுபதைத் தாண்டிய கறுப்பினத்தவர். 1969-இல், பத்தொன்பதாவது வயதில், ஹாம்ட்ராமிக் ஆலையில் சேர்ந்தவர். ஊர்க்காரர்கள் அதை டாட்ஜ் மெயின் என்பார்கள். முன்சக்கர சஸ்பென்ஷன் போல்ட்டுகளை முறுக்குவது அவர் வேலை. முறுக்கியதற்கு அடையாளமாகப் போல்ட் தலையில் பெயிண்டை ஒரு தொடு தொட வேண்டும். அடுத்து நிற்கும் பரிசோதகர் அதைப் பார்த்துத் தன் அடையாளத்தைப் போடுவார். இப்படி வண்டியின் அடிவயிறு முழுவதும் பொட்டுகள், கோடுகள், மெழுகுப் பென்சில் கிறுக்கல்கள். டார்ஷன் பாரில் வண்ணப் பட்டை, புரொப்பல்லர் ஷாப்ட்டில் வண்ணப் பட்டை, பானட்டைத் திறந்தால் எஞ்சினுக்குப் பின்னால் இருக்கும் தகட்டில் யாரோ எழுதிய எண். வாங்குகிறவர் கண்ணில் படக்கூடாத இவற்றைத்தான் இப்போது திரும்ப வரைகிறார்கள். நவம்பர் மாதம் சிகாகோ பக்கத்தில் ரோஸ்மான்ட்டில் நடக்கும் மசில் கார் கண்காட்சியில் நடுவர்கள் டார்ச்சை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் இதைத் தேடுவார்கள்.

முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஒருவர் மல்லாந்து படுத்துக்கொண்டு, பழைய புகைப்படம் ஒன்றைப் பக்கத்தில் வைத்து, தரைத்தகட்டின் விளிம்பில் ஊதாப் பெயிண்டை 'தவறி' தெளித்துக்கொண்டிருந்தார். ஆலையில் பக்கவாட்டில் அடித்த பெயிண்ட் அடியிலும் சிதறியிருக்கும் அல்லவா, அந்தச் சிதறல் வேண்டும். துப்பாக்கியை எந்தக் கோணத்தில் பிடித்தால் சிதறல் இயல்பாக மங்கும் என்று ஒரு பழைய தகரத்தில் ஒத்திகை வேறு பார்த்திருந்தார்கள்.

பெரியவர் குனிந்து, அவர்கள் வைத்த மஞ்சள் பொட்டுகளைப் பார்த்தார். "ரொம்ப வட்டமாக இருக்கிறது" என்றார்.

பிரஷ்ஷை வாங்கினார். டப்பாவில் தோய்த்து வழித்துவிடவில்லை. சொட்டச் சொட்ட எடுத்தார். நின்ற இடத்தில் நிற்காமல் ஓரடி பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே போல்ட்டை ஒரு தட்டு தட்டிவிட்டுக் கையை இழுத்தார். பொட்டு ஒரு பக்கம் வால் நீண்டு, ஓரத்தில் ஒரு சொட்டு வழிந்தது. "வண்டி நகர்ந்துகொண்டே இருக்கும். நாமும் நகர்ந்துகொண்டே இருப்போம். வட்டமாக வைக்க எவனுக்கு நேரம்? மணிக்கு ஐம்பதுக்கு மேல் வண்டி." வால் எந்தப் பக்கம் நீள்கிறது என்பதை வைத்தே லைன் எந்தத் திசையில் ஓடியது என்று சொல்லிவிடலாம் என்று உரிமையாளர் குறுக்கே புகுந்து விளக்கினார்.

நிறம் பற்றி இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இன்னும் பிரிக்கப்படாமல் இருக்கும் வண்டிகளைப் படம் எடுத்து அடுக்கடுக்காக வைத்திருக்கிறார் உரிமையாளர். இந்தச் சேலஞ்சர் தயாரான அதே மாதத்து வண்டிகளில் இந்தப் போல்ட்டில் மஞ்சள்தான் என்பது அவர் கட்சி. "எந்த டப்பா கைக்கு எட்டியதோ அந்த நிறம்" என்பது பெரியவர் கட்சி. நடுவர்கள் படத்தைத்தான் நம்புவார்கள், ஆகவே மஞ்சள். பெரியவர் தோளைக் குலுக்கிவிட்டுக் காபி குடிக்கப் போனார்.

நானும் பின்னாலேயே போனேன். அவர் சேர்வதற்கு ஒரு வருஷம் முன்னால், 1968 மே மாதத்தில், அதே டாட்ஜ் மெயினில் ஆயிரக்கணக்கானோர் சங்கத்தின் அனுமதி இல்லாமலே வேலையை நிறுத்திவிட்டு வெளியே வந்தார்கள். காரணம் லைனின் வேகத்தைக் கூட்டியது. வெள்ளையரும் கறுப்பரும் சேர்ந்து வெளியே வந்தார்கள். தண்டனை பெரும்பாலும் கறுப்பர்கள் தலையில் விழுந்தது. அதிலிருந்து பிறந்ததுதான் டாட்ஜ் புரட்சிகரத் தொழிற்சங்க இயக்கம், சுருக்கமாக டிரம். மற்ற ஆலைகளிலும் அது மாதிரி இயக்கங்கள் கிளம்பி, 1969-இல் எல்லாம் ஒரு கூட்டமைப்பாகச் சேர்ந்தன. ஆலை வாசலில் கொடுத்த துண்டுப் பிரசுரங்களைப் பெரியவர் வாங்கிப் படித்திருக்கிறார். "வேகம்தான் எங்கள் சண்டை. இவர்கள் இப்போது அந்த வேகத்தைக் காசு கொடுத்து வரைகிறார்கள்" என்றார். கசப்பாகச் சொல்லவில்லை. இந்தத் தமாஷை அவர் பலரிடம் சொல்லியிருப்பார் என்று தோன்றியது.

அதற்குப் பிறகு நான் சிரிக்கவில்லை. டாட்ஜ் மெயின் 1980 ஜனவரியில் மூடப்பட்டது. இடித்துத் தரைமட்டமாக்கிய அந்த இடத்திலும், பக்கத்துப் போல்டவுன் குடியிருப்பில் வீடு வீடாகக் காலி செய்த நிலத்திலும் ஜெனரல் மோட்டார்ஸ் கட்டிய ஆலை 1985-இல் திறந்தது. இப்போது அதற்கு ஃபேக்டரி ஜீரோ என்று பெயர். மின்சார டிரக்குகள் செய்கிறார்கள். ஹாம்ட்ராமிக்கில் நின்று வேலை செய்தவர்களின் கைப்பழக்கம் எங்காவது மிச்சம் இருக்கிறது என்றால் இந்த வண்டிகளின் அடிவயிற்றில்தான். ஒருவர் படுத்துக்கொண்டு அதை நகலெடுப்பது கிறுக்குத்தனமாக இருக்கலாம். அந்தத் தொழிலாளிகளுக்கு வேறு யாரும் இவ்வளவு உன்னிப்பாகக் கவனம் கொடுத்ததாக எனக்குத் தெரியவில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. அந்தக் காலத்துக் கிரைஸ்லர் வண்டிகளில் டேஷ்போர்டில் ஒரு அம்மீட்டர் உண்டு. பேட்டரிக்குப் போகிற மின்சாரம் மொத்தமும் எஞ்சின் பக்கத்திலிருந்து தகட்டைத் துளைத்து ஒரு பிளாஸ்டிக் கனெக்டர் வழியாக உள்ளே வந்து, அம்மீட்டரைச் சுற்றிவிட்டுத் திரும்பப் போகும். வருஷங்கள் ஆக ஆக அந்தக் கனெக்டரில் முனைகள் கறுத்து, சூடேறி, பிளாஸ்டிக் உருகும். வயரிங் எரிந்த வண்டிகள் நிறைய. எலெக்ட்ரீஷியன் இரண்டு வழியும் சொன்னார்: ஆலையில் இருந்தபடியே விடலாம், அல்லது மின்சாரத்தை வேறு கனத்த வயரில் கொண்டுபோய், அம்மீட்டரைப் பெயருக்கு வைக்கலாம். நான் என்றால் யோசிக்காமல் இரண்டாவதைச் செய்வேன். வண்டிக்காரர் முதலாவதைக் கேட்டிருக்கிறார். கனெக்டர் புதிது, ஓட்டப்போவதும் குறைவு என்று உரிமையாளர் சமாதானம் சொன்னார். தீயணைப்பு உருளை ஒன்றைக் கூடவே கொடுத்தனுப்பப் போகிறாராம்.

எஞ்சினைக் கிளப்பும் நாளில் வேலை எல்லாம் நின்று, அத்தனை பேரும் சுற்றி நின்றார்கள். புதிதாகக் கூட்டிய எஞ்சினைச் சாவி போட்டுச் சும்மா கிளப்பிவிட முடியாது. முதலில் ஆயில் எல்லா மூலைக்கும் ஏற வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி, அதற்கு அடியில் இருக்கும் ஷாப்ட்டையும் உருவி, அறுகோணக் கம்பி ஒன்றை உள்ளே விட்டு, டிரில் மெஷினைத் தலைகீழ்த் திசையில் சுற்ற விட்டார் மெக்கானிக். சில நொடிகள் மெஷின் இலகுவாகச் சுற்றியது. பிறகு அதன் குரல் தடித்தது. ஆயில் பம்ப் பிடித்துவிட்டது. அழுத்தமானி முள் மெல்ல ஏறியது. மேலே ராக்கர்களில் ஆயில் கசிந்து வழிந்ததைப் பார்த்த பிறகுதான் நிறுத்தினார். டிஸ்ட்ரிபியூட்டரைத் திரும்ப வைத்து, பிளக் வயர்களை ஒவ்வொன்றாகச் செருகும்போது வாய்விட்டுச் சொன்னார்: 1, 8, 4, 3, 6, 5, 7, 2. நாற்பது வருஷ அனுபவம் உள்ளவர், மனப்பாடமாகத் தெரிந்தவர். ஆனாலும் சத்தமாகச் சொன்னார்.

கிளம்பியதும் ஐடிலில் விடவே கூடாது. கேம்ஷாப்ட்டும் அதன் மேல் உரசும் டேப்பெட்டுகளும் புதிது. ஒன்றோடொன்று பழகுவதற்கு எஞ்சின் 2000-த்திலிருந்து 2500 சுற்றில் இருபது நிமிடம் ஓட வேண்டும். கேமுக்கு ஆயில் போவது சிதறித்தான், மெதுவாக ஓடினால் சிதறல் போதாது, கேமின் மேடு தேய்ந்துவிடும். அதற்காகவே துத்தநாகம் கலந்த ஆயில். இரண்டாவது முயற்சியில் பிடித்தது. எக்ஸாஸ்ட் மேனிபோல்டின் புதுப் பூச்சு புகைந்து பட்டறை முழுவதும் நெடி. காதுக்கு அடைப்பான் கொடுத்திருந்தார்கள். ஆனால் சத்தத்தை நெஞ்சுதான் முதலில் வாங்கியது. மெக்கானிக் ஒரு கையால் கார்புரேட்டரைப் பிடித்தபடி, இன்னொரு கையில் டார்ச்சோடு கசிவு தேடிக்கொண்டிருந்தார். இருபது நிமிடமும் அவர் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

வெள்ளோட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாலையில் கூட்டம் இல்லாத காலை நேரம். கண்காட்சிக்கு வைத்திருந்த பழைய பாணி டயரைக் கழற்றிவிட்டுச் சாதாரண ரேடியல் மாட்டியிருந்தார்கள். நான் பக்கத்து சீட்டில். ஸ்டியரிங் தொளதொளவென்று இருந்தது, பிரேக் பிடித்தால் வண்டி வலப்பக்கம் இழுத்தது, எங்கோ ஒரு கிளிப் கடகடத்தது. எல்லாவற்றையும் உரிமையாளர் தன் போனில் சொல்லிப் பதிவு செய்துகொண்டே வந்தார். 440-ஐ முழுதாக மிதித்துக் காட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மிதிக்கவில்லை. திரும்பி வந்ததும் வண்டிக்கு அடியில் பெரிய அட்டை ஒன்றை விரித்துவிட்டுப் பூட்டினார்கள். மறுநாள் காலையில் அட்டையில் மூன்று சொட்டுகள் இருந்தனவாம். பழுப்பு என்றால் எஞ்சின் ஆயில், பச்சை என்றால் ரேடியேட்டர், சிவப்பு என்றால் கியர்பாக்ஸ். மூன்றும் சிவப்பு. கியர்பாக்ஸ் திரும்பக் கீழே இறங்கியது. பல் மருத்துவருக்குச் சாவி இன்னும் ஒரு மாதம் தள்ளிப்போனது.

இந்தப் பட்டறையில் பெயிண்டருக்கு ஐம்பத்தைந்து வயது. முகமூடி இல்லாமல் ஐசோசயனேட் அடித்த பழைய காலத்தால் அவருக்கு இளைப்பு உண்டு. இப்போது காற்றுக் குழாயோடு கூடிய முகமூடி இல்லாமல் அறைக்குள் போவதில்லை. கதவு பொருத்திய பையன் கான்சாஸ் மாநிலத்தில் மெக்ஃபர்சன் கல்லூரியில் படித்தவன். பழைய கார் புதுப்பித்தலில் நாலு வருஷப் பட்டப்படிப்பு தரும் கல்லூரி அது. அவனைத் தவிர இங்கே நாற்பதுக்குக் கீழே யாரும் இல்லை. டாட்ஜ் பின்னாளில் மறுபடி கொண்டுவந்த சேலஞ்சரும் 2023 டிசம்பரில், கனடாவின் பிராம்ப்டன் ஆலையில் நின்றுவிட்டது. அதைப் புதுப்பிக்கும் காலம் வரும்போது தேய்க்க வேண்டியது உப்புத்தாளில் அல்ல, மென்பொருளில் இருக்கும் என்று பையன் சொல்கிறான்.

நம் பக்கத்திலும் கொட்டகைகளில் அம்பாசிடரும் பத்மினியும் நிற்கின்றன. 1960-களில் சென்னைக்குப் பக்கத்திலேயே தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டும் அங்கங்கே நிற்கிறது. உங்கள் வீட்டில் ஒன்று இருந்து, அதை டிங்கரிடம் விடும் எண்ணமும் இருந்தால், பிரிப்பதற்கு முன் அடியில் படுத்து ஒவ்வொரு மூலையையும் படம் எடுத்து வையுங்கள். பழைய பெயிண்டை எங்காவது ஓரிடத்தில் தேய்க்காமல் விடச் சொல்லுங்கள். சீட்டுக்குள் காகிதம் இருந்தால் தூக்கி எறியாதீர்கள். அந்த ஆலையில் வேலை பார்த்தவர் யாராவது உங்கள் தெருவில் இருந்தால், எந்தப் பிரஷ்ஷை எப்படிப் பிடித்தார் என்று இப்போதே போய்க் கேளுங்கள். வாரனில் இவர்களுக்குக் கிடைத்திருப்பது ஒரே ஒருவர், அவரும் வியாழக்கிழமைகளில் மட்டும்தான் வருகிறார்.